சமர்த்தின் இடது முன்னங்கால்

அழுகிற குழந்தையைச் சிரிக்க வைக்க என் அத்தைக்குத் தெரியாது. அதற்கு அவள் முயன்றதும் கிடையாது. அழுகை எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் கையைத் தூக்குவாள். மாமா படத்தை எடுத்துவிடுவார். படத்தில் அந்தக் குழந்தை எதையோ கண்டு வியந்துபோனது போல வாயைத் திறந்து, கண்ணை விரித்து, குதிரைமேல் உட்கார்ந்திருக்கும்.

"எப்படிங்க இவ்வளவு அழகா வந்துச்சு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள்.

"எல்லாம் உங்க பிள்ளையோட முகராசி" என்று அத்தை வாய் கூசாமல் சொல்வாள்.

ஒரு மட்டக்குதிரையைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போய், அதன்மேல் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். கேமராவும், தோள்பையில் இருக்கும் சின்ன பிரிண்டரும் மாமாவின் பொறுப்பு. குதிரை, கயிறு, தொப்பி, ஜிகினா வைத்த மேல்சட்டை, குழந்தை, குழந்தையின் அம்மா, மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்கள், இவ்வளவும் அத்தையின் பொறுப்பு. எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற காலத்தில் இது எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் அத்தை திருப்பிக் கேட்பாள்:

"உங்க போன்ல குதிரை இருக்கா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத கூடம். நீள மேஜை. குவியலிலிருந்து உடைந்த பொத்தான்களைப் பொறுக்கி எடுத்துக் கீழே இருக்கும் டப்பாவில் போட வேண்டும். வெளியே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது சாயங்காலம் வாசலுக்கு வந்து தரையைப் பார்த்த பிறகுதான் தெரியுமாம். மாமாவைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய வேலை வெளியே நடக்கிற வேலை என்பதுதான் என்று அவர் முன்னாலேயே சொல்வாள். "ஆளை யாரு பார்த்தா? நான் குதிரையைத்தான் பார்த்தேன்."

"குதிரையும் உன்னைப் பார்த்துச்சு. அன்னைக்கே எனக்குத் தலையை ஆட்டிக் காட்டுச்சு. நான்தான் புரிஞ்சுக்கல" என்பார் மாமா.

அந்தக் குதிரைக்குப் பெயரே தலையாட்டி. எடுத்த படங்களில் பாதியில் அதற்கு முகம் இருக்காது, கலங்கிய நீர் போல ஏதோ இருக்கும். போன மழைக்காலத்தில், வயதாகி, ஒரு காலையில் அது எழுந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் தங்கியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே அதன் தகரக் கொட்டகை. அதற்குப் பிறகு பல நாட்கள் அத்தை கொட்டகையைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். பெருக்க அங்கே ஒன்றும் இல்லை.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். தச்சரிடம் சொல்லி, சக்கரம் வைத்த மரக்குதிரை ஒன்றைச் செய்து வாங்கினார். வெள்ளைப் பெயிண்ட், நிஜ வால். அதை இழுத்துக்கொண்டு இருவரும் இரண்டு தெரு போனார்கள். முதல் வாசலிலேயே ஒரு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "இதைவிட எங்க வீட்டு சோபா நல்லா இருக்குமே." திரும்பி வரும்போது ஒரு சக்கரம் கழன்று சாக்கடையில் விழுந்தது. மாமா அதை எடுக்கப் போனார். அத்தை, "விடுங்க, அந்தச் சக்கரமாவது ஊரைச் சுத்தட்டும்" என்றாள்.

குதிரை இல்லாத அந்த மாதங்களில் ஒன்று நடந்தது. அத்தை காய்கறி வாங்கப் போன இடத்தில், அவள் பல வருடங்கள் படம் எடுக்கப் போன தெருவில் குடியிருக்கும் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையாக இருந்தபோதே அத்தை குதிரைமேல் ஏற்றியிருக்கிறாள். அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லித் தக்காளிக்குக் கை நீட்டினாள். கையில் கயிறு இல்லாத அத்தையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தை வீட்டுக்கு வந்து இதை மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் சிரிப்பாகவே. நான்காவது முறை ஆரம்பித்து, நிறுத்திவிட்டாள்.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வருடத்தில் பெரிய வேலை அப்போதுதான். அதற்குள் ஒரு குதிரை அமையாவிட்டால் மாமா தன் நண்பருடைய ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். அங்கே பாஸ்போர்ட் படம். ஒரே நாற்காலி, ஒரே நீலத் திரை. அத்தைக்கும் ஒரு இடம் இருந்தது. பொத்தான் தொழிற்சாலையில் பழைய ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கூடத்துக்கு இப்ப ஜன்னல் வச்சிருக்காங்களாம்" என்றார் மாமா, ஆறுதலாக.

"அதுல கம்பி வச்சிருப்பாங்க" என்றாள் அத்தை.

அந்தச் சமயத்தில்தான் ராட்டினக்காரர் ஒரு மட்டக்குதிரையை விற்கப் போவதாகத் தெரியவந்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல் நடத்துகிறவர் அவர். ராட்டினம், காற்றடைத்த சறுக்குமரம், மரத்தூள் கொட்டிய வட்டத்தில் ஒரு குதிரை. இப்போது பேட்டரி கார்கள் வாங்கிப் போட்டுவிட்டார். பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் ஓடுகிறார்கள். குதிரை சும்மா நிற்கிறது. அதிகமாகவும் கேட்கவில்லை. மாமா அதைக் கேட்டதும் துள்ளினார். அத்தை அதைக் கேட்டதும், "அவ்வளவு சல்லிசா ஏன் கொடுக்கணும்?" என்றாள். அவர்கள் பார்க்கப் போன அன்று எனக்கு வேலை இல்லை என்பதால் நானும் உடன் போனேன்.

குதிரையின் பெயர் சமர்த்து. சாம்பல் நிறம், குட்டையான கழுத்து, நெற்றி மயிர் கண்ணில் விழுந்திருந்தது. ஏதோ யோசனையில் இருப்பதுபோல் நின்றது. மாமா தன் சோதனையை ஆரம்பித்தார். முகத்துக்கு நேரே கறுப்புக் குடையைப் படாரென்று விரித்தார். அது கண்ணை மட்டும் சிமிட்டியது. ஃபிளாஷ் அடித்தார். தகர மூடியைத் தரையில் போட்டார். பின்னால் போய் நின்று தும்மினார். அத்தை அதன் தலையில் தொப்பியை வைத்தாள், எடுத்தாள், கோணலாக வைத்தாள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு தடித்த பிள்ளையைக் கேட்டு வாங்கி ஏற்றினாள். பிள்ளை காதைப் பிடித்து இழுத்தது. குதிரை அசையவில்லை.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருடம் தலையாட்டியின் கலங்கிய முகத்தைப் படம் எடுத்தவர் அவர்.

"இது குதிரையா, கல்லா?" என்றார் கிசுகிசுப்பாக.

"அண்ணே, ஓட்டிக் காட்டவா?" என்று கேட்டார் ராட்டினக்காரர்.

"எதுக்கு? நாங்க என்ன பந்தயத்துலயா விடப் போறோம்? நிக்கத் தெரிஞ்சா போதும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அத்தை கயிற்றைப் பிடித்து வட்டத்தில் ஒரு சுற்று நடத்திப் பார்த்தாள். மரத்தூளில் மெதுவாக, நன்றாகவே நடந்தது. பிறகு அவள் குந்தி உட்கார்ந்து கால்களைத் தடவிக்கொண்டே வந்தாள். இடது முன்னங்காலில், குளம்புக்கு ஒரு சாண் மேலே, கை நின்றது.

"இது என்ன தம்பி?"

ராட்டினக்காரரும் குந்தி உட்கார்ந்தார். தோலுக்கடியில் கோலிக்குண்டு அளவில் கெட்டியாக ஒரு முடிச்சு. தொட்டால் குதிரை காலை இழுக்கவில்லை.

"என்கிட்ட வரும்போதே இருந்துச்சுக்கா. அதுக்கு முன்னாடி எங்க இருந்தான், என்ன பட்டான், எனக்குத் தெரியாது. பழைய அடியா இருக்கலாம். நொண்டி நான் பார்த்ததில்ல. பொய் சொல்லக் கூடாது, நான் அவ்வளவா உத்துப் பார்த்ததும் இல்ல."

"ஆறிப்போன காயம். எனக்குக்கூட முழங்கால்ல ஒண்ணு இருக்கு" என்றார் மாமா.

"உங்களை யாரு வாங்கறாங்க இப்ப?" என்றாள் அத்தை.

ராட்டினக்காரர் நல்ல மனிதர். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நானே வண்டி அனுப்புகிறேன் என்றார். அன்று மாலையே சமர்த்து ஒரு குட்டி வேனில் ஏறி வந்து, என் ஜன்னலுக்குக் கீழே இறங்கியது.

மறுநாள் அத்தை கயிற்றோடு தெருவில் இறங்கினாள். நான் வேலைக்குப் போகும் வழி என்பதால் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தேன். மாடிகளில் தலைகள் முளைத்தன. "வந்துட்டாங்கடி குதிரைக்காரம்மா!" என்று ஒருத்தி உள்ளே திரும்பிக் கத்தினாள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "எங்கக்கா போயிட்டீங்க இத்தனை நாளா?" என்றாள். "மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தேன், இதோ கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு" என்று அத்தை கயிற்றை உயர்த்திக் காட்டினாள். அன்று தக்காளிக்குக் கை நீட்டிய பெண்ணும் வந்தாள், நான்காவது பிள்ளையோடு. அத்தை அவளிடம் காய்கறிக் கடை விஷயத்தைச் சொல்லவே இல்லை. குழந்தையை வாங்கி, மூக்கைத் துடைத்து, மேலே ஏற்றினாள்.

சமர்த்து நின்றது. ஒரு கைக்குழந்தை அதன் முதுகிலேயே தூங்கிப்போனது. இரட்டைக் குழந்தைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஒரு ஸ்கூட்டர் காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஒரு படம்கூட வீணாகவில்லை என்று மாமா வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் சொன்னார். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கிளப்புவதுதான் கொஞ்சம் கஷ்டம். கயிற்றை இரண்டு தடவை இழுக்க வேண்டியிருக்கிறது.

"சோம்பேறி" என்றாள் அத்தை, செல்லமாக.

"நிதானம்" என்றார் மாமா.

மூன்று நாள் இப்படிப் போனது. அத்தையின் குரல் பழையபடி பெரிதாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயும் தெருவில் பேசுவதுபோல் பேசினாள். பொத்தான் தொழிற்சாலைக்கு வர முடியாது என்று நாளைக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றாள்.

அன்று மாமா புதிய மாதிரிப் பலகை செய்ய உட்கார்ந்தார். தெருவில் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை அது. நல்ல படங்களைப் பொறுக்கி ஒட்டுவார். கூடத்துத் தரை முழுவதும் படங்களைப் பரப்பி, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தார். அத்தை கையில் தேநீரோடு வாசற்படியில் நின்று பார்த்தாள். குழந்தைகள் வேறு வேறு. கதவுகள் வேறு வேறு. தொப்பி சில படத்தில் நேர், சில படத்தில் கோணல்.

"ஏங்க, இவனை வேற மாதிரி நிக்க வச்சு ஒண்ணுகூட எடுக்கலையா?"

"வேற மாதிரின்னா?"

"எல்லாத்துலயும் அதே காலு முன்னாடி இருக்கு."

மாமா குனிந்து பார்த்தார். எல்லாப் படத்திலும் இடது முன்னங்கால் ஒரு அடி முன்னால் தள்ளி, முனை மட்டும் தரையைத் தொட்டபடி இருந்தது. "அது போஸ்மா" என்றார். "ராஜா மாதிரி ஒரு காலை முன்னால வச்சு நிக்கறான். நான் நேராக்கச் சொன்னேன், நீயும் நேராக்கின. மறுபடி அவனே அப்படி வச்சுக்கறான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு எது எடுப்பா இருக்கும்னு."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். நான் மாடிக்கு ஏறி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொட்டகையில் குதிரை தனியாகப் புல் தின்றுகொண்டிருந்தது. அங்கே கேமராவும் இல்லை, குழந்தையும் இல்லை. இடது முன்னங்கால் முன்னால் நீட்டியிருந்தது. அத்தை அந்தக் காலை மெதுவாகத் தூக்கிப் பின்னால், மற்றக் காலுக்கு இணையாக வைத்தாள். குதிரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாததுபோல், அதை மறுபடி முன்னால் நகர்த்தியது. அவள் மறுபடி எடுத்து வைக்கவில்லை. அதன் கழுத்தில் கையைப் போட்டபடி நின்றாள். பிறகு அங்கிருந்தபடியே உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தாள். சின்னப் பெண், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாதி சோதனையை முடித்துவிட்டாள். முடிச்சை அழுத்தினாள், காலை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள், குளம்பைத் தட்டினாள். பிறகு, "தார் ரோட்டுக்குக் கொண்டு வந்து கொஞ்சம் ஓட விடுங்க" என்றாள்.

நாங்கள் யாரும் அதுவரை அது ஓடிப் பார்த்ததே இல்லை. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எதிர்வீட்டு மாடியில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நொண்டறது நீங்களா, குதிரையா?"

மாமாவின் முழங்கால் அவரையும் ஆட்டியது உண்மைதான். ஆனால் குதிரையின் இடது கால் தரையைத் தொடும்போதெல்லாம் அதன் தலை மேலே எழும்பியது. ஒவ்வொரு முறையும். மரத்தூளில் தெரியாதது தார் ரோட்டில் தெரிந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார்கள். தையல்காரர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"தசைநார்ல பழைய அடி" என்றாள் டாக்டர். "சரியா ஆறல. பழசு மட்டும்தானா, அதுமேல புதுசா ஏதாவது வந்திருக்கான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். அந்தக் காலை நீட்டி வைக்கறானே, பாரத்தை அதுல போடாம இருக்கத்தான். நடக்கச் சொன்னா வலிக்கும். அதனாலதான் இவ்வளவு அசையாம நிக்கறான்."

"நல்ல குணம்னு நினைச்சோம்" என்றார் மாமா.

"குணமும் நல்ல குணம்தான். வேற ஒண்ணா இருந்தா உதைச்சிருக்கும்." அவள் தயங்கினாள். "உங்க வேலைக்கு இவன் எப்படிங்கறதைத்தான் கேட்கறீங்க. கெட்டியான ரோட்ல, முதுகுல பாரத்தோட, மணிக்கணக்கா நிக்கறது. இந்தக் காலுக்கு அதைவிட மோசமானது இல்ல. கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் மெத்துன்னு இருக்கற தரையில, மேல யாரையும் ஏத்தாம, கொஞ்சம் கொஞ்சமா நடக்க விட்டா தேறலாம். எவ்வளவு தேறும்னு என்னால சொல்ல முடியாது."

டாக்டர் போன பிறகு இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். எங்கள் முற்றம் முழுக்க சிமெண்ட். தெரு தார். அடுத்த தெரு கல் பாவியது.

முதலில் பேசியது மாமாதான். அவருக்கு அந்தக் குதிரையை விட மனமில்லை. காலில் துணி சுற்றிவிடலாம், மருந்து தடவலாம், ஒரு நாளைக்கு ஒரே தெருவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். "எனக்கும்தான் முழங்கால் போச்சு. நீ என்னைத் திருப்பிக் கொடுத்தியா?"

"உங்களை யாரும் ஒரு வாரம் வச்சுப் பார்க்கச் சொல்லலியே. சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்."

மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டே, "ரப்பர் பாய் போட்டா?" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ அதைத் தக்கவைத்துக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் தெரு அவளைப் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டிருந்தது. வேண்டாம் என்றால் திங்கட்கிழமை பொத்தான் மேஜை முன்னால் உட்கார வேண்டும்.

கார் கழுவும் கடையிலிருந்து தடித்த ரப்பர் பாய் ஒன்றை மாமா வாங்கி வந்தார். ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த நாள் மாலை, பக்கத்துத் தெரு வரை மட்டும் போனார்கள். சமர்த்தின் காலில் மெத்தென்று துணி சுற்றியிருந்தது. நின்ற இடத்தில் பாயை விரித்து அதன்மேல் நிறுத்தினார்கள். தெருவுக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. "குதிரைக்குக் கம்பளமா? பெரிய இடம்தான்" என்றார் ஒரு பெரியவர்.

முதல் குழந்தையை ஏற்றினார்கள். குழந்தை அழுதது. வழக்கம்தான். மாமா கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அத்தையின் கைக்காகக் காத்திருந்தார். கை எழவில்லை. அழுகை மூச்சு வாங்கியது. மறுபடி தொடங்கியது. மறுபடி மூச்சு வாங்கியது. மாமா கேமராவைத் தாழ்த்திப் பார்த்தார். அத்தை குழந்தையைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி சுற்றிய கால் பாயின்மேல் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"இவளே" என்றார் மாமா.

அவள் நிமிர்ந்தாள். கையைத் தூக்கினாள். காலம் கடந்துவிட்டிருந்தது.

இரண்டாவது குழந்தை அழாத குழந்தை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகம் தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் அதன் உதடு பிதுங்கியது. மூன்றாவது ஏறும் முன்பே அழுதது. அன்று எடுத்த எல்லாப் படத்திலும் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள். சமர்த்து மட்டும் ஒவ்வொன்றிலும் தெளிவாக, அசையாமல் நின்றது.

நான்காவது வாசலில் ஒரு அம்மா குழந்தைக்குப் பவுடர் போட்டுத் தயாராக நின்றாள். அத்தை பாயைச் சுருட்டினாள்.

"இன்னைக்கு இல்லம்மா."

"நாளைக்கு வருவீங்களா?"

 அத்தை கயிற்றை இழுக்கவில்லை. குதிரை தானாகக் கிளம்பும் வரை பக்கத்தில் நின்றாள். வீடு வந்து சேர வெகு நேரம் ஆனது. கொட்டகையில் கட்டிவிட்டு வந்து, "என்னால ரெண்டையும் பார்க்க முடியலங்க" என்றாள். "மேலயும் பார்த்து, கீழயும் பார்க்க முடியல." மாமா தலையை ஆட்டினார். 

திருப்பிக் கொடுக்க அத்தையே வேனில் ஏறிப் போனாள். நானும் பின்னால் குதிரையோடு நின்றுகொண்டு போனேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ராட்டினக்காரரிடம் ஒப்பித்தாள். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னக்கா நீங்க! பிடிக்கலன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு. இப்ப இவ்வளவையும் என் காதுல போட்டுட்டீங்க. தெரிஞ்சுக்கிட்டு எப்படி விக்கறது?"

"விக்காதீங்க."

"வச்சு என்ன பண்ண? கார் ஓட்டக் கத்துக்கொடுக்கவா?"

"நடக்க விடணும். மெத்துன்னு இருக்கற தரையில. உங்க தரை மெத்துன்னு இருக்கு."

"தரை இருக்கு. நடத்தறது யாரு? என் ஆளுங்க எல்லாம் கார் பக்கம் நிக்கறாங்க. அங்கயே டிக்கெட் கிழிக்க ஒரு ஆள் பத்தல."

அத்தை மரத்தூள் வட்டத்தைப் பார்த்தாள். சின்ன வட்டம். சுற்றி வர வேலி, வேலிக்கு வெளியே ராட்டினம், அதற்கப்பால் பாலத்தின் தூண்கள். தெரு ஒன்றும் இல்லை. மாடி இல்லை, வாசல் இல்லை. தெரிந்த முகம் வரலாம், வராமலும் போகலாம்.

"டிக்கெட்டை உட்கார்ந்துதான் கிழிக்கணுமா?"

"எப்படி வேணாலும் கிழிங்க."

"நடந்துட்டே கிழிக்கறேன்" என்றாள். "நடுவுல இவனையும் நடத்தறேன். மேல யாரையும் ஏத்தச் சொல்லக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன்."

ராட்டினக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு வேன்காரரிடம் குதிரையை இறக்கச் சொன்னார்.

விடுமுறை தொடங்கியபோது மாமா நீலத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருக்களில் சில பிள்ளைகள் குதிரை எங்கே என்று கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. அத்தைக்கு அது வலித்தது. அந்தப் பக்கமாக வருவதைத் தவிர்த்து, சுற்றி வேறு வழியாகத் திடலுக்குப் போகிறாள். பொத்தான் தொழிற்சாலையில் அவளுடைய இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சமர்த்தின் கால் தேறுமா என்பது இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் நன்றாக நடக்கிறது என்கிறாள். இன்னொரு நாள் வாயே திறப்பதில்லை.

ஸ்டூடியோ மூடியிருந்த ஒரு நாள் மாமாவும் நானும் திடலுக்குப் போனோம். வட்டத்தில் அத்தை கயிற்றோடு நடந்துகொண்டிருந்தாள். வேலியோரம் ஒரு சிறுமி, தன்னை ஏற்றச் சொல்லி அடம்பிடித்துத் தோற்றுப்போய், கோபமாகக் குதிரைக்கு மறுபக்கம் நடந்துகொண்டிருந்தாள். மூவரும் ஒரே வேகத்தில் போனார்கள். வெயில் மரத்தூள்மேல் விழுந்திருந்தது. மாமாவுக்குக் கை அரித்திருக்க வேண்டும். பையிலிருந்து கேமராவை எடுத்தார்.

"கொஞ்சம் நிறுத்து."

அத்தை நிறுத்தவில்லை.

"ஒரு நிமிஷம்மா. வெளிச்சம் நல்லா விழுது."

"நிறுத்த மாட்டேன். நடந்துட்டு இருக்கான்."

மாமா அவர்களுக்கு முன்னால் போய்ப் பின்னோக்கி நடந்தபடி எடுக்கப் பார்த்தார். மரத்தூளில் கால் வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றார். எடுத்ததைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எல்லாம் கலங்கிப்போகுது. நின்னாத்தான எடுக்க முடியும்?"

"அப்ப எடுக்காதீங்க" என்றாள் அத்தை, சுற்றிக்கொண்டே. "வந்து இந்தப் பக்கம் நடங்க. இது உங்க முழங்காலுக்கும் நல்லது."

அவர் கேமராவைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் இறங்கினார்.